அட்டையை நர்ஸிடமே விட்டுப் போகும் பெண்கள்: நைரோபி நாட்குறிப்பு

ஞாயிறு, பார்க்லேண்ட்ஸ்

ஜூலையில் கென்யத் தலைநகர் நைரோபி நன்றாகவே குளிர்கிறது. நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்து ஊர்தான், ஆனால் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரம். காலை பத்து மணி வரை வெயிலைக் காணோம். அக்கா மகள் வீட்டில் தங்கியிருக்கிறேன். சிங்கம், யானை, மசாய் மாரா பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் கிராம சுகாதார நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். பிரசவம், தடுப்பூசி, குடும்பக் கட்டுப்பாடு என்றே என் காலம் போனது. அதனால் இந்த ஊர்ப் பெண்கள் கருத்தடை முறையை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள், சிலர் எதற்காகப் பாதியில் விடுகிறார்கள் என்று பார்த்து எழுதப் போகிறேன். யாருடைய பெயரையும் வீட்டு அடையாளத்தையும் எழுத மாட்டேன்.

"சித்தி, இவ்வளவு தூரம் வந்தும் இதேதானா?" என்று அக்கா மகள் கேட்டாள். ஆமாம், இதேதான்.

முதலில் கொஞ்சம் பின்னணி. சஹாராவுக்குத் தெற்கே இருக்கும் நாடுகளில் குடும்ப நலத்தை அரசுத் திட்டமாகவே முதலில் கொண்டுவந்தது கென்யா, 1967இல். ஆனாலும் 1970களின் இறுதியில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக எட்டுப் பிள்ளைகள் இருந்தார்கள். 2022ஆம் ஆண்டு நாடு தழுவிய ஆய்வில் அது 3.4 ஆகிவிட்டது, நைரோபியில் 2.5தான். மணமான பெண்களில் 57 சதவீதம் பேர் நவீன முறை ஏதோ ஒன்றைப் பயன்படுத்துகிறார்கள். எந்த முறை என்பதில்தான் நமக்கும் இவர்களுக்கும் பெரிய வித்தியாசம். தமிழ்நாட்டில் இரண்டாவது பிரசவத்தோடு ஆபரேஷன் என்பதே வழக்கமாகிவிட்டது. இங்கே மூன்று மாத ஊசியும், கையில் தோலுக்கடியில் வைக்கும் இம்பிளான்ட்டும்தான் முன்னால் நிற்கின்றன. மணமான பெண்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு ஊசி, இன்னொரு ஐந்தில் ஒருவருக்கு இம்பிளான்ட்.

வழியில் தேவாலயங்கள் நிரம்பி வழிந்தன. 1990களில் இதே நகரத்தில் கத்தோலிக்கக் கார்டினல் மாரிஸ் ஒட்டுங்கா ஆணுறைகளைக் குவித்துத் தீ வைத்தார், ஒரு முஸ்லிம் மதகுருவும் உடன் நின்றார். எய்ட்ஸ் வீடு வீடாகப் பிள்ளைகளை அநாதையாக்கிக்கொண்டிருந்த காலம் அது. இன்று நினைத்தாலும் மனசு ஆறவில்லை. ஆனால் பாட்டுப் பாடிவிட்டு வெளியே வந்த பெண்களைப் பார்த்தபோது, பாதிரியார் சொல்வதை மதித்துக் கேட்டுவிட்டுத் தங்கள் முடிவைத் தாங்களே எடுத்துக்கொள்கிறார்கள் என்றுதான் தோன்றியது. அந்த 57 சதவீதத்துக்குள் கத்தோலிக்கப் பெண்களும் ஏராளமாக இருக்கிறார்கள்.

திங்கள், கிபேரா

அக்கா மகளுக்குத் தெரிந்த ஒரு பெண், நைரோபியின் குடிசைப் பகுதியான கிபேராவில் சமூக சுகாதாரப் பணியாளராக இருக்கிறார். 2023இல் அரசு இப்படி ஒரு லட்சம் பேருக்கு மருத்துவப் பையும் கைபேசியும் கொடுத்து வீடு வீடாக அனுப்பியது. நம் ஊர் ஆஷா பணியாளர்களைப் போன்ற வேலை. அவரோடு காலையில் மட்டாட்டுவில் ஏறினேன். மட்டாட்டு என்பது இங்கே ஓடும் தனியார் மினி பஸ், உள்ளே பாட்டு காதைக் கிழிக்கும். இறங்கியதும் மண்டாசியும் பால் டீயும் வாங்கித் தந்தார். மண்டாசியை எண்ணெயில் பொரித்த இனிப்பு பன் என்று வைத்துக்கொள்ளலாம்.

கிபேராவை ஊடறுத்து ரயில் தண்டவாளம் போகிறது. தண்டவாளத்தின் ஓரத்திலேயே காய்கறியும் பழைய செருப்பும் விற்கிறார்கள். சரிவில் இறங்கினால் மண்சுவரும் தகரக் கூரையுமாக வீடுகள். பெரும்பாலும் பத்துக்குப் பத்து அடியில் ஒரே அறை. நடுவில் ஒரு துணியைத் தொங்கவிட்டு இந்தப் பக்கம் கட்டில், அந்தப் பக்கம் சோபா, அடுப்பு, இருபது லிட்டர் தண்ணீர் கேன். கணவன், மனைவி, பிள்ளைகள், சில வீடுகளில் ஊரிலிருந்து வந்த தங்கச்சியும் அதே அறையில்.

இந்த அறைக்குள் நின்றதும்தான் ஒரு விஷயம் எனக்குப் பிடிபட்டது. மாத்திரை வேண்டாம் என்று ஒரு பெண் சொன்னால் மறந்து போய்விடுவாள் என்றோ படிப்பு இல்லை என்றோ நாம் நினைத்துக்கொள்கிறோம். இங்கே ஒரு பெண் கையை நீட்டி அறையைக் காட்டினார். "எங்கே வைப்பேன், சொல்லுங்கள்? அரிசிப் பாத்திரத்தில் வைத்தால் மாமியார் வந்தால் திறப்பார். மெத்தைக்கு அடியில் வைத்தால் பிள்ளை எடுத்து விளையாடும்." அவர் கணவருக்கு இன்னும் ஒரு மகன் வேண்டும். இவருக்கு இருக்கிற மூன்று பேருக்கே பள்ளிச் செலவு கட்ட முடியவில்லை. அதனால் ஊசி. ஊசி போட்டதற்கு உடம்பில் அடையாளம் இல்லை. அடுத்த தேதி எழுதிய அட்டை மட்டும்தான் சாட்சி, அதையும் கிளினிக்கிலேயே நர்ஸிடம் விட்டுவிட்டு வந்துவிடுகிறார். தேதியை நினைவு வைக்க என்ன செய்கிறார் என்று கேட்டேன். பள்ளிக்கூடத்தில் ஒவ்வொரு பருவமும் தொடங்கும் வாரத்தை அடையாளம் வைத்திருக்கிறாராம். வருடத்துக்கு மூன்று பருவம்தான், ஊசியோ நான்கு. அந்த நான்காவதை ஞாபகப்படுத்த நம் பணியாளர் தண்ணீர் பிடிக்கும் இடத்தில் வந்து காதோடு சொல்லிவிட்டுப் போவாராம்.

ஒளித்துச் செய்வது நல்லதா என்று சிலர் கேட்கலாம். கணவனும் மனைவியும் உட்கார்ந்து பேசி முடிவெடுத்தால் எவ்வளவோ நல்லது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் பேச்சை எடுத்தாலே அடி விழும் வீட்டில், "முதலில் அவரிடம் கேட்டுவிட்டு வா" என்று ஒரு நர்ஸ் திருப்பி அனுப்புவதை நான் அநியாயம் என்றே சொல்வேன். 2010இல் வந்த கென்ய அரசியல் சட்டத்தின் 43ஆவது பிரிவு இனப்பெருக்க நலத்தையும் சேர்த்தே எல்லோருக்கும் மருத்துவ உரிமை கொடுக்கிறது. அதில் கணவன் கையெழுத்து எங்கேயும் இல்லை.

செவ்வாய், கிளினிக்

நேற்றைய பணியாளர் அறிமுகப்படுத்தியதில், ஒரு சிறிய கிளினிக்கில் காலை முழுவதும் உட்கார அனுமதி கிடைத்தது. வந்த பெண்களிடம் நர்ஸ் முதலில் என்னைக் காட்டிக் கேட்டார், சம்மதித்தவர்கள் உள்ளே வந்தபோது மட்டும் இருந்தேன்.

முதலில் வந்த பெண் கைக்குழந்தைக்காரி. இம்பிளான்ட் வேண்டும் என்றார். நர்ஸ் அவரைப் படுக்கவைத்து, அதிகம் புழங்காத இடது கையின் மேல்பகுதியில் உள்பக்கம் பேனாவால் ஒரு புள்ளி வைத்தார். துடைத்து, மரத்துப்போகும் ஊசி போட்டு, குச்சியைத் தோலுக்கடியில் செலுத்தினார். தீக்குச்சி நீளத்துக்கு வளைந்து கொடுக்கும் மெல்லிய குச்சி, மூன்று வருடம் தாங்கும். வேலை முடிய மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. அதற்குப் பிறகு நர்ஸ் செய்ததுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. அந்தப் பெண்ணின் வலது கை விரலைப் பிடித்து, குச்சி இருக்கும் இடத்தைத் தடவிப் பார்க்கச் சொன்னார். "இருக்கிறதா? நாளைக்கும் இங்கேதான் இருக்கும். இதயத்துக்குப் போகாது, தலைக்கு ஏறாது. எப்போது சந்தேகம் வந்தாலும் தொட்டுப் பாருங்கள்." குச்சி உடம்புக்குள் நகர்ந்து நெஞ்சுக்குப் போய்விடும் என்பது இங்கே பரவலான பயம். அந்தப் பெண் திரும்பத் திரும்பத் தடவிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

அடுத்தது இரத்தப்போக்கு. கிழக்கு ஆப்பிரிக்காவில் எந்த ஆய்வாளரைக் கேட்டாலும், பெண்கள் முறையை விடுவதற்கு முதல் காரணம் பக்க விளைவும் அது பற்றிய பயமும்தான் என்பார்கள். ஊசி போட்டால் சிலருக்குத் திட்டுத் திட்டாகப் படும், சிலருக்கு மாதவிலக்கே நின்றுவிடும். நின்றுவிட்டால், வெளியே வராத இரத்தம் வயிற்றுக்குள் சேர்ந்து கட்டியாகிறது என்று நம்புகிறார்கள். என் ஊரிலும் இதே பேச்சைக் கேட்டிருக்கிறேன். நர்ஸ் ஒரு துண்டு காகிதத்தில் கர்ப்பப்பையை வரைந்து, மாதாமாதம் உள்ளே ஒரு படலம் தடிக்கிறது, குழந்தை தங்கவில்லை என்றால் அது கழிகிறது, ஊசி இருக்கும்போது படலம் தடிப்பதே இல்லை, கழிய ஒன்றுமில்லை என்று விளக்கினார். எதிரில் இருந்த பெண் அந்தக் காகிதத்தை மடித்து எடுத்துக்கொண்டார்.

இன்னொரு பயம் இதைவிடப் பெரியது. ஊசி மலடாக்கிவிடும் என்பது. இதற்குள் ஒரு உண்மைத் துணுக்கு ஒளிந்திருக்கிறது. ஊசியை நிறுத்தினால் மறுபடி கருத்தரிக்கக் கொஞ்சம் காலம் ஆகும், கடைசி ஊசியிலிருந்து சராசரியாகப் பத்து மாதம் வரை போகலாம். போடும்போதே இதைச் சொல்லிவிட்டால் பெண் காத்திருப்பாள். சொல்லாமல் விட்டால், நிறுத்தின ஆறாவது மாதம் அவள் தெருவில் போய் "என்னைக் கெடுத்துவிட்டார்கள்" என்பாள், அவளுடைய பத்துச் சிநேகிதிகளும் கிளினிக் பக்கம் வர மாட்டார்கள். 2014இல் கத்தோலிக்க ஆயர்கள், அரசு போடும் டெட்டனஸ் தடுப்பூசியிலேயே மலடாக்கும் மருந்து கலந்திருக்கிறது என்று குற்றம் சாட்டினார்கள். அரசும் உலக சுகாதார நிறுவனமும் மறுத்தன. மறுப்பு போய்ச் சேராத வீடுகளிலும் சந்தேகம் போய்ச் சேர்ந்துவிட்டது.

ஊசி எச்.ஐ.வி.யைக் கூட்டும் என்ற பயமும் பல வருடம் இருந்தது. கென்யா உட்பட நான்கு ஆப்பிரிக்க நாடுகளில் 7,800க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடத்திய பெரிய சோதனையின் முடிவு 2019இல் வந்தது. ஊசி, இம்பிளான்ட், காப்பர்-டி மூன்றுக்கும் இடையே அப்படிப் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் எந்த முறையில் இருந்த பெண்களுக்கும் தொற்று வந்த வேகம் மிக அதிகமாக இருந்தது, அதைத்தான் பேச வேண்டும். ஆணுறையும் சேர்த்துத்தான் கொடுக்கிறேன் என்றார் நர்ஸ்.

மதியத்துக்கு முன் ஒரு இளம்பெண் வந்தார். வேறு ஓர் இடத்தில் "மாதவிலக்கு வரும்போது வா" என்று திருப்பி அனுப்பிவிட்டார்களாம். கர்ப்பம் இல்லை என்று உறுதியாகத் தெரிய வேண்டும் என்பது காரணம். இதற்காகவே 1990களில் கென்யக் கிளினிக்குகளில் சோதித்துப் பார்த்த ஆறு கேள்விகள் இருக்கின்றன. கடைசி விலக்கு ஏழு நாளுக்குள் தொடங்கியதா, நாலு வாரத்துக்குள் பிரசவமானதா, ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு, விலக்கு இன்னும் திரும்பாமல், தாய்ப்பால் மட்டும் கொடுக்கிறாயா என்று போகும். ஒன்றுக்கு ஆம் என்று பதில் வந்து, கர்ப்பத்தின் அறிகுறியும் இல்லையென்றால் அன்றைக்கே முறையைத் தொடங்கலாம். சோதனைக் கருவியும் வேண்டாம், செலவும் இல்லை. வேலைக்குப் போகும் பெண் ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வருகிறாள். திருப்பி அனுப்பினால் அடுத்த முறை அவள் வயிற்றோடுதான் வருவாள். அன்று அந்தப் பெண் ஊசி போட்டுக்கொண்டுதான் போனார்.

புதன், ஈஸ்ட்லி

ஈஸ்ட்லி சோமாலியர்கள் நிறைந்த வியாபாரப் பகுதி. துணிக்கடைகள் மாடி மாடியாக ஏறிப் போகின்றன, ஒட்டகப் பால் டீ கிடைக்கிறது. கென்யாவின் வடகிழக்கே சோமாலியர்கள் வாழும் மண்டேரா மாவட்டத்தில் மணமான பெண்களில் இரண்டு சதவீதம் பேர்தான் நவீன முறை பயன்படுத்துகிறார்கள், மத்திய கென்யாவின் எம்பு மாவட்டத்தில் 75 சதவீதம். ஒரே நாட்டுக்குள் இவ்வளவு தூரம்.

இங்கே ஒரு தனியார் கிளினிக்கில் வேலை பார்க்கும் செவிலிப் பெண் பொறுமையாகப் பேசினார். "பிள்ளையை நிறுத்துவது என்று ஆரம்பித்தால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். இடைவெளி என்று சொன்னால் உட்கார்ந்து கேட்பார்கள். குழந்தைக்கு இரண்டு வருடம் பால் கொடுக்கலாம் என்று குர்ஆனிலேயே இருக்கிறது, அங்கிருந்துதான் தொடங்குவேன்." இவர்கள் ஊசியை வேண்டாம் என்பதற்கு அவர் சொன்ன காரணம் என்னை யோசிக்க வைத்தது. மாதவிலக்கு நாளில் தொழுகை கிடையாது, நோன்பும் கிடையாது. மாதத்தில் ஒரு வாரம் தொழாமல் இருந்தால் யாரும் கேட்க மாட்டார்கள். நாள் கணக்கில்லாமல் பட்டுக்கொண்டே இருந்தால் மாமியார் கேட்பார், கணவர் கேட்பார். ஒளித்ததும் வெளியே வந்துவிடும், மனசும் சங்கடப்படும். இதற்கு மாத்திரை கொடுத்துப் போக்கைக் குறைக்க வழி உண்டு. வந்து கேட்டால்தானே? "முதல் மூன்று மாதம் இப்படி இருக்கலாம், என்னிடம் வாருங்கள், கடைக்குப் போகாதீர்கள் என்று என் நம்பரைக் கொடுத்து அனுப்புவேன்" என்றார்.

வியாழன், மோட்டார் சைக்கிள் ஸ்டாண்டும் மருந்துக்கடையும்

ஆண்களிடம் பேசாமல் இந்தக் கட்டுரை நிற்காது. கிபேராவில் ஒரு மோட்டார் சைக்கிள் டாக்ஸி ஸ்டாண்டில், நம் சுகாதாரப் பணியாளர் ஏற்கனவே பழகி வைத்திருந்தார். இந்த வண்டிகளுக்கு இங்கே போடா போடா என்று பெயர். நாலைந்து பேர் வண்டி மேலேயே உட்கார்ந்து பேசினார்கள். மனைவி கருத்தடை செய்துகொண்டால் வேறு ஆளோடு போனாலும் தெரியாதே என்று ஒருவர் நேராகவே சொன்னார். ஊசி போட்டால் ஆசை குறைந்துவிடுகிறது என்று இன்னொருவர். பணியாளர் கோபப்படவில்லை. வாடகை எவ்வளவு, வண்டித் தவணை எவ்வளவு, பள்ளிக்கு எவ்வளவு என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போனார். ஓரமாக இருந்தவர், "நானும் அவளும் சேர்ந்துதான் போனோம். இரண்டு பேர் போதும்" என்றார். அவர் சொன்னதும் மற்றவர்கள் அவரைக் கேள்வி கேட்க ஆரம்பித்தார்கள். எங்கள் பேச்சைவிட அந்தப் பேச்சு நெடுநேரம் நடந்தது. ஆண்களுக்கான ஆபரேஷன் பற்றிக் கேட்டேன். எல்லோரும் வண்டியைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள்.

சாயங்காலம் மருந்துக்கடை. இங்கே கல்யாணமாகாத பெண்பிள்ளைகளுக்கு கிளினிக்கைவிடக் கடைதான் வசதி. அவசரக் கருத்தடை மாத்திரையை எல்லோரும் "பி-2" என்கிறார்கள். வயதைக் கேட்பதில்லை, முகத்தைச் சுளிப்பதில்லை, ஒரு நிமிடத்தில் வாங்கிவிடலாம். கிளினிக் வரிசையிலோ பக்கத்து வீட்டு அக்கா உட்கார்ந்திருப்பார், சில நர்ஸுகள் "இந்த வயசில் உனக்கு எதற்கு?" என்பார்கள். 2022 ஆய்வின்படி 15 முதல் 19 வயதுப் பெண்களில் 15 சதவீதம் பேர் ஒருமுறையாவது கர்ப்பமானவர்கள். பி-2 மூன்று நாளுக்குள் போட்டால் உதவும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. ஆனால் அதையே வாரா வாரம் நம்பி இருப்பது மற்ற முறைகளைப் போலப் பாதுகாக்காது, எச்.ஐ.வி.யிலிருந்தும் காக்காது. கடைப் பையன் நல்லவன், ஆனால் இதைச் சொல்ல அவனுக்கு நேரமில்லை. அந்தப் பிள்ளைகளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர்கள் மதிக்கப்படும் இடத்துக்குப் போகிறார்கள்.

வெள்ளி, பும்வானி

பும்வானி மகப்பேறு மருத்துவமனை 1926இல் தொடங்கியது, கிழக்கு ஆப்பிரிக்காவின் மிகப் பெரிய பிரசவ ஆஸ்பத்திரிகளில் ஒன்று. வாசலில் பிளாஸ்டிக் பேசினும் போர்வையுமாகச் சொந்தக்காரப் பெண்கள் காத்திருக்கிறார்கள். பிரசவமான கையோடு, வீட்டுக்குப் போகுமுன்பே காப்பர்-டியோ இம்பிளான்ட்டோ வைத்துக்கொள்ளலாம், தாய்ப்பாலுக்குக் கெடுதல் இல்லை. ஆனால் வலியில் துடிக்கும்போது கேட்டு வாங்கும் சம்மதம் சம்மதமே இல்லை. கர்ப்பகாலப் பரிசோதனைக்கு வரும்போதே பேசி முடிவெடுக்க வைக்க வேண்டும். நம் ஊரிலும் இதை நான் கத்திக் கத்திச் சொல்லியிருக்கிறேன்.

சனி, மறுபடி கிளினிக்

இன்று வரிசை நீளம், சரக்கு குறைவு. இம்பிளான்ட்டின் விலையை 2013இல் உற்பத்தி நிறுவனங்களோடு பேசி ஏறக்குறைய பாதியாக்கினார்கள், எட்டரை டாலருக்கு வந்தது. ஏழை நாடுகளில் இம்பிளான்ட் இவ்வளவு பரவியதற்கு அது பெரிய காரணம். அதில் கணிசமான பணம் வெளிநாட்டு உதவியாக வந்தது. 2025 தொடக்கத்தில் அமெரிக்கா உதவியை நிறுத்தியது. ஏற்கனவே வாங்கி வைத்த, 97 லட்சம் டாலர் மதிப்புள்ள கருத்தடைப் பொருட்கள் பெல்ஜியத்தில் ஒரு கிடங்கில் முடங்கின. அவற்றில் பெரும்பகுதி கென்யா, டான்சானியா, காங்கோ, ஜாம்பியா, மாலி நாடுகளுக்கு வர வேண்டியவை. அவற்றை எரித்துவிடப் போவதாக அமெரிக்கா அறிவித்தது. கெட்டுப்போகாத மருந்தை எரிப்பது என்பதை ஒரு நர்ஸாக என்னால் ஜீரணிக்கவே முடியவில்லை.

இந்த நெருக்கடியிலும் நர்ஸ் ஒரு வேலையைத் தள்ளிப் போடவில்லை. ஒரு பெண் இம்பிளான்ட்டை எடுக்க வந்திருந்தார், இன்னும் ஒரு வருடம் மிச்சம் இருக்கிறது, குழந்தை வேண்டும் என்றார். சில இடங்களில் இதற்குக் காசு கேட்பார்கள், அல்லது "காலம் முடியட்டும்" என்பார்கள். இங்கே மரத்துப்போக ஊசி போட்டு, அரிசி மணி அளவுக்கு ஒரு கீறல், குச்சியின் நுனியை விரலால் அழுத்தி வெளியே தள்ளி இடுக்கியால் எடுத்து அவர் கண்ணிலேயே காட்டினார். "எடுக்க மாட்டேன் என்று சொல்லும் கிளினிக்கில் யாரும் வைத்துக்கொள்ள வர மாட்டார்கள்" என்றார் நர்ஸ். வெளியே உட்கார்ந்திருந்த இரண்டு பெண்கள் கதவு திறந்ததும் அந்தப் பெண்ணின் கையைத்தான் முதலில் பார்த்தார்கள்.

மதியத்தோடு ஊசி மருந்து தீர்ந்தது. திங்கள்கிழமை வரும் என்று தகவல். காத்திருந்தவர்களுக்கு அதுவரைக்கும் ஆணுறை கொடுத்து அனுப்பினார்கள். வராமல் போனவர்களுக்கு போன் செய்து சொல்லிவிடலாமே என்றேன். சுகாதாரப் பணியாளர் வேண்டாம் என்று தலையசைத்தார். சில வீடுகளில் போனைக் கணவர்தான் எடுப்பார். அவர் நோட்டைப் பிரித்து யார் எந்தக் குழாயில் எத்தனை மணிக்குத் தண்ணீர் பிடிக்க வருவார்கள் என்று பார்த்தார். ஞாயிறு காலை முதல் குழாயில் மூன்று பேர், சர்ச் முடிந்து வருபவர்கள் இரண்டு பேர், சந்தையில் ஒருவர். தேதி தாண்ட இன்னும் சில நாள் அவகாசம் இருப்பவர்களைக் கடைசியில் வைத்துக்கொண்டார்.